கமலேஸ்வரியின் ஏழு மணித்தியாலம்

மே மாதம் பிறந்துவிட்டால் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹோட்டல் அறைகள் நிறைந்துவிடும். அங்கே படுத்தெழும்புகிறவர்களின் விரிப்புகளும் தலையணை உறைகளும் துவாய்களும் மூட்டை மூட்டையாகப் பாலையூற்றுக்கு வரும். கலீலுர் றஹ்மான் முதலாளியின் சலவைக்கூடம் அங்கேதான் இருக்கிறது. பதினாறு பெண்கள், நான்கு கழுவும் மெஷின்கள், மூன்று உலர்த்திகள், ஒரு சூட்டு ரோலர். ஒரு பக்கத்தில் இரண்டு பேர் ஈரப்பதமான விரிப்பை இழுத்துக் கொடுக்க, அது சூடான உருளைக்குள் போய், சுருக்கமில்லாமல் மறுபக்கம் வரும். அங்கே நிற்கும் இருவர் அதை வாங்கி மடிப்பார்கள்.

அந்த ரோலருக்குப் பொறுப்பாக நின்றவள் கமலேஸ்வரி. வயது நாற்பத்தாறு. வீடு பாலையூற்றிலேயே, நடந்தால் கால்மணி நேரம். கணவர் அருளம்பலம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒருநாள் காலை வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த அடுத்த கிழமை கமலேஸ்வரி சலவைக்கூடத்துக்கு வந்தாள். அது நடந்து பதினொரு வருடம். மகன் திலக்சன் படித்து முடித்து இப்போது கொழும்பில் வேலை செய்கிறான்.

வேலை காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலை ஆறு மணிக்கு முடியும் என்பது பேச்சு. சீசனில் ஏழு, ஏழரை ஆகிவிடும். கமலேஸ்வரி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மற்றப் பெண்கள் பஸ்ஸைப் பிடிக்க அந்தரப்படும்போது அவள் கடைசி விரிப்பையும் மடித்து வைத்துவிட்டுத்தான் போவாள். வீட்டுக்குப் போய் முகம் கழுவி, இருப்பதைச் சாப்பிட்டு, படுத்தால் உடனே நித்திரை. முதலாளி யாரையாவது ஏசும்போது அவளைத்தான் உதாரணம் காட்டுவார்.

போன வருடம் ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பின்னேரம் ஐந்தரை மணிக்கு, றஹ்மாவின் கை ரோலருக்குள் போனது.

றஹ்மா கிண்ணியாப் பிள்ளை. இருபத்திரண்டு வயது, வேலைக்கு வந்து ஒரு வருடம். ரோலரின் வாயில் விரல் போகாதபடி ஒரு இரும்புத் தடுப்பு உண்டு. விரிப்பு மடிந்துபோனால் அந்தத் தடுப்பைத் தூக்கித்தான் நேராக்க வேண்டும். யாராவது அதைத் தூக்கினால், பக்கத்தில் நிற்பவர் சிவப்புப் பட்டனை அமத்தி ரோலரை நிறுத்த வேண்டும். அன்றைக்குப் பட்டனுக்குப் பக்கத்தில் நின்றவள் கமலேஸ்வரி.

றஹ்மா கத்திய பிறகுதான் அவள் பட்டனை அமத்தினாள். வலது கையில் மூன்று விரல்கள் வெந்துவிட்டன. முச்சக்கர வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும் வழியெல்லாம் றஹ்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள் கமலேஸ்வரி.

மெஷின் பழசு, அதுதான் இப்படி நடந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். முதலாளி திருத்துநரைக் கூட்டிவந்து பார்த்தார். பட்டனை அமத்திய உடனே ரோலர் நின்றது. பத்துத் தரம் அமத்திப் பார்த்தார்கள், பத்துத் தரமும் நின்றது. அதன் பிறகும் பெண்கள் மெஷினைத்தான் குறை சொன்னார்கள். உண்மை கமலேஸ்வரிக்கு மட்டும் தெரியும். றஹ்மா தடுப்பைத் தூக்கியதை அவள் கண் பார்த்தது. பார்த்தும் கை அசையவில்லை.

மூன்றாம் நாள் அவள் முதலாளியின் அறைக்குப் போனாள்.

"முதலாளி, மெஷினில பிழையில்லை. பட்டன் எனக்குப் பக்கத்திலதான் இருந்தது. நான்தான் அமத்தேல்ல."

கலீலுர் றஹ்மான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பதட்டத்தில அப்பிடித்தான் வரும். நீங்க மனச வருத்திக்கொள்ளாதீங்க."

"பதட்டம் இல்லை, நித்திரை. கண் திறந்துதான் இருந்தது. ஆனா நான் அங்க இல்லை. அண்டைக்கு மட்டும் இல்லை முதலாளி, நாலு மணிக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான். நிண்டபடி போயிடுவன், பிறகு திரும்பி வருவன்."

அவர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். "இத வேற ஆரிட்டயும் சொன்னீங்களா?"

"இன்னும் இல்லை. றஹ்மாட்டச் சொல்லப் போறன். அதுக்கு முதல் உங்களிட்டச் சொல்ல வந்தனான்."

"அப்ப என்னை என்ன செய்யச் சொல்றீங்க? துணி வருதே. ஹோட்டல்காரனுக்கு என்ன பதில் சொல்ற?"

பதிலை எதிர்பார்த்து அவர் கேட்கவில்லை. ஆனால் கமலேஸ்வரியிடம் பதில் இருந்தது. பதினொரு வருடமாக அந்தக் கூடத்தில் நிற்பவள் அவள். இருப்பது மூன்று உலர்த்திகள். பத்து மணிக்கே கழுவி முடிந்த துணி, உலர்த்தி காலியாகும் வரை கூடையில் கிடக்கும். பெண்களும் அதற்காகக் காத்து நிற்பார்கள். இருக்கக் கதிரை கிடையாது, வீட்டுக்குப் போகவும் ஏலாது. கடைசியில் துணியெல்லாம் ஒன்றாக ரோலருக்கு வரும்போது மணி நாலாகிவிடும், உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது. பதினாறு பேரையும் ஒன்றாக நிறுத்தி வைப்பதைவிட, எட்டு எட்டாகப் பிரித்து, ஆறிலிருந்து ஒரு மணிவரை ஒரு பகுதி, ஒன்றிலிருந்து எட்டுவரை மறுபகுதி என்று வைத்தால், உலர்த்திகள் பதினாலு மணித்தியாலம் ஓடும், ஆட்கள் ஏழு மணித்தியாலம்தான் நிற்பார்கள். அவள் இதைச் சொன்னபோது கலீலுர் றஹ்மான் கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் காலை அவர் ஏழு மணிக்கு வந்து, அறைக்குப் போகாமல், கூடத்தில் ரோலருக்குப் பக்கத்தில் நின்றார். நாள் முழுக்க நின்றார். தொழுகைக்கு மட்டும் போய் வந்தார். மூன்று மணிக்குச் சுவரில் சாய்ந்தார். நாலேகாலுக்கு "ஒரு கதிரை கொண்டாங்க" என்றார். பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேலை செய்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அவர் அறிவித்தார். ஒரு மாதம் இப்படிச் செய்து பார்ப்பது, யாருடைய சம்பளமும் குறையாது, யாருக்கு எந்த நேரம் வசதி என்று பெண்களே பிரித்துக்கொள்ள வேண்டியது. கமலேஸ்வரி காலைப் பகுதிக்குப் போனாள். குறிஞ்சாக்கேணியிலிருந்து வரும் சுஹைராவும் அதே பகுதி.

றஹ்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு கமலேஸ்வரி கிண்ணியாவுக்குப் போனாள். றஹ்மாவின் உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினிக்குப் போனார். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்தபடி றஹ்மா கட்டிலில் இருந்தாள்.

"றஹ்மா, நான் ஒரு விசயம் சொல்ல வந்தனான். அண்டைக்கு நீ தடுப்பத் தூக்கினத நான் கண்டனான். பட்டன அமத்தேல்ல. நித்திரைமாதிரிப் போயிட்டன்."

றஹ்மா அவளையே பார்த்தாள். கோபிப்பாள், அழுவாள், உம்மாவைக் கூப்பிடுவாள் என்று கமலேஸ்வரி எதற்கும் தயாராக வந்திருந்தாள்.

"அக்கா," என்றாள் றஹ்மா, "நான் தடுப்பத் தூக்கினதே எனக்கு நினைவில்ல. எல்லாரும் சொல்லித்தான் தெரியும். நானும் நித்திரைதான்."

பிறகு அவள் அழுதாள். கமலேஸ்வரி கட்டிலில் ஏறி அவளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டாள். தேத்தண்ணி ஆறிப்போனது.

ஒரு மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்த முதல் நாள், வெயிலில் கண் கூசியது. ஞாயிற்றுக்கிழமை தவிர்ந்த நாளில் தன் வீட்டைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து எத்தனை வருடம் என்று கமலேஸ்வரிக்குத் தெரியவில்லை. கேற்றைத் திறந்து உள்ளே போய்க் கதிரையில் இருந்தாள். பிறகு எழும்பி அலுமாரியை ஒதுக்கினாள். பிறகு மறுபடி இருந்தாள். இரண்டாம் நாள் பாயை விரித்துச் சும்மா சரிந்தவள் எழும்பியபோது மணி ஐந்தேகால். காலையா மாலையா என்று பிடிபடவில்லை. அப்படியே பத்து நாள் நித்திரை கொண்டாள். பதினொரு வருடத்து நித்திரை முழுவதும் அந்தப் பாய்க்குக் கீழே காத்துக்கிடந்ததுபோல இருந்தது.

நித்திரை தீர்ந்ததும் நோ தொடங்கியது. முழங்கால், தோள்மூட்டு, பிடரி. முன்பு இவை நோகவில்லை என்றில்லை, கவனிக்க நேரம் இருக்கவில்லை. கிளினிக்கில் பிறஷர் பார்த்த டொக்டர் இரண்டாம் தரமும் பார்த்தார்.

"எவ்வளவு காலமா இப்பிடி?"

"தெரியாது டொக்டர். ஒரு மணிக்குத்தான் கிளினிக் தொடங்கும். நான் வந்ததில்லை."

மாத்திரை கொடுத்தார்கள். நோவும் மெல்லக் குறைந்தது. ஆனால் அதைவிடப் பெரிய ஒன்று இருந்தது, அதற்கு மாத்திரை இல்லை. அருளம்பலம் உயிரோடு இருந்த காலத்தில் காலை வேலை முடிந்து மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சைக்கிளில் வந்து சேர்வார். கேற்றைத் திறக்காமல் முன்சில்லால் தள்ளிக்கொண்டு வருவார். கேற் சுவரில் மோதும். "கையால திறந்தா என்ன?" என்று கமலேஸ்வரி தினமும் கேட்பாள். சலவைக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு, வேலை நாளில் அந்த நேரத்தில் அவள் வீட்டில் இருந்ததில்லை. இப்போது இருந்தாள். இரண்டே முக்கால் ஆனதும் காது தன்பாட்டில் வாசலுக்குப் போனது. குசினியில் நின்றாலும், கிணற்றடியில் நின்றாலும், அந்த ஐந்து நிமிடமும் அவள் ஒன்றும் செய்யாமல் நின்றாள். கேற் மோதவில்லை. ஒவ்வொரு நாளும் மோதவில்லை.

மூன்றாவது கிழமை அவள் மறுபடியும் முதலாளியிடம் போனாள்.

"முதலாளி, எனக்கு ரெண்டு ஷிஃப்டும் தாங்கோ."

கலீலுர் றஹ்மான் பேனையைக் கீழே வைத்தார். "நீங்கதானே தங்கச்சி இதக் கேட்டீங்க!"

"ஓம். மற்ற ஆக்களுக்கு இது நல்லது. எனக்குச் சரிவரேல்ல."

"பின்னேரப் பகுதியில ஒராள் லீவுதான்..." என்று இழுத்தார் அவர். "பாப்பம். நாளைக்குச் சொல்றன்."

சுஹைரா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வயது, மூன்று பிள்ளைகளின் தாய், குரல் எப்போதும் கொஞ்சம் உயரத்திலேயே இருக்கும். வீட்டுக்கு நடந்துபோன கமலேஸ்வரியைப் பஸ் தரிப்பிடத்தில் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்கு என்ன பைத்தியமா? நீங்க ரெண்டு ஷிஃப்ட் செஞ்சா அடுத்த மாசம் என்னட்டயும் கேப்பார். பின்னேரம் வாற அப்ராட்டயும் கேப்பார். ஏலாது எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வருமா? இப்பதான் என்ட தலையிடி நிண்டிருக்கு. புள்ளைகள்ள கொப்பியத் திறந்து பாக்கிறன். அதயும் பறிக்கப் போறீங்களா?"

கமலேஸ்வரி வீதியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வீட்டில இருக்க ஏலாம இருக்கு, சுஹைரா."

கூடத்துப் பெண் ஒருத்தியிடம் தன் வீட்டைப் பற்றி அவள் அவ்வளவு சொன்னது அதுதான் முதல் தடவை. சுஹைராவின் குரல் இறங்கியது. பஸ் வந்தது. அவள் ஏறவில்லை, பஸ் போய்விட்டது.

"அப்ப வீட்டில இருக்காதீங்க," என்றாள் கடைசியில். "எங்கட ஊருக்கு வாங்க. விடிய அஞ்சு மணி பஸ் தவறினா எனக்கு வேலை இல்ல. என்ட புருசன் முனாப் ஸ்கூட்டியத் தந்திட்டார், நீயே ஓடு எண்டு. ஆனா நான் ஓடிப் பழக, பின்னால பிடிக்க அவருக்கு வயல் வேலையில நேரமில்ல. புள்ளைகள் பிடிச்சா சிரிக்குதுகள். நீங்க வந்து பிடிங்க."

"எனக்குச் சைக்கிளே ஓடத் தெரியாது."

"ஓடச் சொல்லல்ல அக்கா. பிடிக்கச் சொல்றன்."

அடுத்த நாள் காலை கமலேஸ்வரி முதலாளியின் அறைக் கதவைத் தட்டி, முதல்நாள் கேட்டதை மறந்துவிடும்படி சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். நிம்மதிப்பட்டாரா ஏமாந்தாரா என்று முகத்தில் தெரியவில்லை.

ஒன்றே காலுக்கு இருவரும் கிண்ணியா பஸ்ஸில் ஏறினார்கள். குறிஞ்சாக்கேணியில் களப்புத் தண்ணியோரம் ஒரு திறந்த வெட்டை. கோடையில் தரை இறுகிச் சீமெந்து போல இருக்கும். சுஹைரா அபாயாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறினாள். கமலேஸ்வரி பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். இருபது யார் தூரம் போனதும் சுஹைரா பிரேக்குக்குப் பதிலாக வேகம் கூட்டும் பிடியை முறுக்கிவிட்டாள். ஸ்கூட்டி பாய்ந்தது. கமலேஸ்வரியின் ஒரு செருப்பு அங்கே, மற்றது இங்கே. சுஹைரா ஒரு எருக்கலம் பற்றைக்குள் போய் நின்றாள்.

"விட்டிட்டீங்களே அக்கா!"

"பிடிக்கச் சொன்னனீ, பறக்கச் சொல்லேல்லையே!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார்கள். களப்பில் தோணியில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

கிழமைக்கு இரண்டு நாள் இப்படிப் போனது. நாலாம் தரம் சுஹைரா தனியாக வட்டம் அடித்தாள். ஆறாம் தரம் "இப்ப நீங்க ஏறுங்க" என்றாள். கமலேஸ்வரி மாட்டேன் என்றாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். அடுத்த முறை வரும்போது மகனின் பழைய நீளக் காற்சட்டையைச் சேலைக்கு உள்ளே போட்டுக்கொண்டு வந்தாள்.

ஒருநாள் ஸ்கூட்டியில் இருந்தபடியே அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இப்பதான் அவர் வாற நேரம்," என்றாள்.

சுஹைரா கை நீட்டித் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள். இருவரும் தண்ணியோரம் போய் இருந்தார்கள். கமலேஸ்வரி அருளம்பலத்தைப் பற்றிச் சொன்னாள். கேற்றை முன்சில்லால் தள்ளுவதைச் சொன்னாள். கிரேனில் உயர ஏறினால் குடா முழுவதும் தெரியும், ஒருநாள் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன் என்று அவர் சொல்லிச் சொல்லியே காட்டாமல் போனதைச் சொன்னாள். செத்த வீட்டில் எல்லோரும் அழ, தான் அழாமல் சாப்பாட்டுக்கு அரிசி போட்டதையும், அதற்குப் பிறகு அழ நேரம் வராததையும் சொன்னாள். சுஹைரா நடுவில் ஒரு கதையும் கதைக்கவில்லை. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்து கமலேஸ்வரி அழுதாள். அடுத்த நாள் இரண்டு ஐம்பதுக்கு முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். காது வாசலுக்குப் போனது, கை கூட்டிக்கொண்டே இருந்தது.

திலக்சன் ஒரு பின்னேரம் தற்செயலாக அழைத்து, அவள் முதல் மணியிலேயே எடுத்ததும் பயந்துவிட்டான்.

"அம்மா? வேலைக்குப் போகேல்லையா? சுகமில்லையா?"

"சுகமாத்தான் இருக்கிறன். வேலை முடிஞ்சு வந்திட்டன். நீ கதை."

முன்பு இரவில் அரை நித்திரையில் இரண்டு நிமிடம் பேசுவாள். அன்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். மகனுக்கு அங்கே ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்பது முப்பதாவது நிமிடத்தில்தான் வெளியே வந்தது.

ஒரு மாதம் என்ற பேச்சு சீசன் முடியும் வரை நீண்டது. கருகியும் கசங்கியும் ஹோட்டல்களிலிருந்து திரும்பி வரும் விரிப்புகள் குறைந்துவிட்டன என்று முதலாளியே ஒப்புக்கொண்டார். றஹ்மா ஆகஸ்டில் வேலைக்கு வந்தாள். இரண்டு விரல்கள் முழுதாக மடங்கா. அதற்குப் பிறகும் மடங்கவில்லை. அவள் ரோலருக்குப் பக்கத்தில் போகமாட்டேன் என்றாள், யாரும் வற்புறுத்தவில்லை. உறைகள் மடிக்கும் மேசையில் நின்றாள்.

எல்லோருக்கும் நல்லதாக முடிந்தது என்று சொல்ல முடியாது. அப்ராவுக்குப் பின்னேரப் பகுதி பிடிக்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரும்போது அவள் வீட்டைவிட்டு வெளிக்கிட வேண்டும். மாறி மாறிச் செய்ய ஆள் தேடினாள், கிடைக்கவில்லை. பிறகு கமலேஸ்வரி கிழமைவிட்டுக் கிழமை அவளோடு நேரத்தை மாற்றிக்கொண்டாள். ஒக்டோபரில் துணி வரத்து விழுந்தபோது, எட்டுப் பேரை மட்டும் வைத்துப் பழைய பதினொரு மணித்தியாலத்துக்கே திரும்பலாமா என்று முதலாளி யோசித்தார். பெண்கள் ஒன்றாக அறைக்குப் போனார்கள். வேலை நாளைக் குறைத்துப் பகிர்ந்துகொள்கிறோம், நேரத்தைக் கூட்ட வேண்டாம் என்றார்கள். முன்னுக்கு நின்று பேசியவள் றஹ்மா. பேசும்போது அவள் கையை மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. கலீலுர் றஹ்மான் சரி என்றார்.

இந்த வருடம் தை மாதத்தில் லோஜினி என்ற பல்கலைக்கழக மாணவி ஒருத்தி கூடத்துக்கு வந்தாள். வேலை நேரம் குறைந்தால் வேலை செய்பவர்களின் நலம் எப்படி இருக்கிறது என்பது அவளுடைய ஆய்வு. அச்சடித்த தாள்களோடு, வேலை முடிந்து வந்த கமலேஸ்வரியை வாங்கில் இருத்திக் கேட்டாள்.

"மன அழுத்தம் கூடினதா, குறைஞ்சதா, மாற்றம் இல்லையா, அன்ரி?"

"முதல் மாசம் கூடினது. பிறகு குறைஞ்சது."

"ஒண்டைத்தான் அன்ரி போடலாம்."

"அப்ப ரெண்டு தாளில எழுதுங்கோ, பிள்ளை."

லோஜினி சிரித்துவிட்டு ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டாள். "மிச்ச நேரத்தில என்ன செய்யிறீங்கள்? வீட்டு வேலை, வேற தொழில், பொழுதுபோக்கு, சமய வேலை?"

கமலேஸ்வரி யோசித்தாள். "எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். கிளினிக்குக்குப் போறன். மகனோட கதைக்கிறன். சில நாள் ஒண்டும் செய்யாம இருப்பன். முதல் அது எனக்குப் பயமா இருந்தது. அதுக்கு இதில இடம் இருக்கா?"

"இல்லை அன்ரி."

"அப்ப அடியில கையால எழுதிவிடுங்கோ."

லோஜினி எழுதினாள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள் கமலேஸ்வரி. "பயமா இருந்தது" என்பதை விட்டுவிட்டாய் என்றாள். அதையும் எழுதுவித்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். கடற்கரையில் பின்னேரக் கரைவலை இழுக்கும் நேரம். இப்போது போனால் மீன் துடிக்கத் துடிக்க வாங்கலாம்.